நிரப்பாமல் விட்ட கட்டம்

உ
தேவகோட்டை
3 ஜூன் 2024

அன்புத் தம்பி உலகப்பனுக்கு,

உன் கூடப்பிறந்த ஆச்சி நாச்சியம்மை எழுதுவது. முட்டி அறுவை முடிந்து இருபத்து நாலு நாள் ஆகிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையற்கட்டு வரை போய் வருகிறேன். நீயும் சந்திரமதியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். என் மகள் சுகமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். சிரி. போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றுகிறாய். "தொண்டை வீங்கியிருக்கு ஆச்சி, பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று ஒரு வரி, அடுத்த வரியில் டுரியான் பழத்துக்குப் போய்விடுகிறாய். இன்சூரன்ஸ் ஆபீசில் க்ளெய்ம் பிரிவில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்தவள் நான். வாயால் சொன்னதை நம்பி ஒரு ஃபைலையும் மூடியதில்லை. எழுத்தில் கேட்கிறேன், எழுத்திலேயே பதில் சொல்.

சாருமதி மே பதினைந்தாம் தேதி ஒரு மாத விடுமுறைக்கு உன் வீட்டுக்கு வந்தாள். எடுத்த டிக்கெட் வீணாகக் கூடாது என்று நான்தான் பிடிவாதமாக அனுப்பினேன். தினம் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை. முதல் படம் தெசாரு கடற்கரையில், வெறும் டீ-ஷர்ட்டோடு. வயசுப் பிள்ளை, துப்பட்டா எங்கே என்று கேட்டேன். மறுநாளிலிருந்து துப்பட்டா இல்லாமல் ஒரு படம் வரவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை. கடைசிப் படம் மே இருபத்திரண்டு, உங்கள் ஊர் விசாக விடுமுறை அன்று வந்தது. பின்னால் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டம், முகமெல்லாம் செம்மண், ஒரே சிரிப்பு. அதற்குப் பிறகு படமும் இல்லை, குரலும் இல்லை. வாட்ஸ்அப்பில் நாலு சொல் வருகிறது. அதை யார் வேண்டுமானாலும் தட்டலாம்.

தூக்கத்தில்கூடப் பேசுகிறவள் அவள். அப்பா இல்லாத வீட்டில் அவள் பேச்சுதான் எனக்குத் துணை. பன்னிரண்டு நாளாக அந்தப் பேச்சு இல்லை.

எந்த ஆஸ்பத்திரி? எத்தனை நாள்? என்ன நோய்? மூன்று கேள்விதான்.

இப்படிக்கு,
உன் ஆச்சி


கூலாய், ஜொகூர்
14 ஜூன் 2024

அன்புள்ள ஆச்சி,

கடிதம் கிடைத்தது. நீங்கள் நடக்கத் தொடங்கியது எங்களுக்குப் பெரிய ஆறுதல். அவசரப்பட்டு மாடிப்படி ஏறிவிடாதீர்கள். இங்கே நாங்கள் மூவரும் நலம்.

பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். பாசிர் கூடாங்கில் எங்கள் ஆலையைப் பத்து நாள் நிறுத்திப் பழுது பார்க்கிறார்கள். பாதுகாப்பு அதிகாரி என்பதால் ஏணியில் ஏறுகிற ஒவ்வொருவனுக்கும் நான் கையெழுத்துப் போட வேண்டும். இடுப்பு வார் இல்லாமல் ஏறினால் இறக்கிவிட்டுத்தான் மறுவேலை. ஆலையில் எனக்குப் பட்டப்பெயரே உண்டு, வெளியில் சொல்ல முடியாது.

சாருவுக்குத் தொண்டையில் கிருமி. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி ஜொகூர் பாருவில். பெயர் சொன்னால் உங்களுக்கு என்ன தெரியப்போகிறது? குடிநுழைவுத் துறையில் மருத்துவக் கடிதம் கொடுத்துத் தங்கும் அனுமதியை நீட்டித்துவிட்டேன். கவலை வேண்டாம். இந்த வருடம் டுரியான் நல்ல விளைச்சல். உங்களுக்குத்தான் அந்த வாசனையே ஆகாதே!

சந்திரமதி உங்களை மிகவும் விசாரித்தாள்.

அன்புடன்,
உலகப்பன்


கூலாய்
17 ஜூன் 2024

அன்புள்ள அம்மா,

எப்படி இருக்கிறீர்கள்? முட்டி சொன்னபடி கேட்கிறதா? மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மறந்திருப்பீர்கள். பின்னால்.

நான் நன்றாக இருக்கிறேன். பேச மட்டும் கூடாது. ஒரு நோட்டில் எழுதிக் காட்டுகிறேன். இரண்டு நோட்டுத் தீர்ந்துவிட்டது. நேற்று சந்திரமதி அயித்தை சமைத்துக்கொண்டிருக்கும்போது நான் எழுதி எழுதி நீட்டினேனா, "அலமாக்! வாய அடைச்சாலும் இந்தப் பிள்ள சும்மா இருக்க மாட்டுது லா, குழம்பு தீயுது, அப்புறம் படிக்கிறேன்!" என்று விரட்டிவிட்டார்கள். சிரிக்கவும் கூடாதாம். அது ரொம்பக் கஷ்டம்.

ஆஸ்பத்திரியில் எட்டு நாளும் அயித்தைதான் கூடவே இருந்தார்கள். இப்போது கழுத்தைத் திருப்பாமலே சாப்பிடப் பழகிவிட்டேன். அம்மான் என்னோடு அதிகம் பேசுவதில்லை. வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறார். நீங்கள் அவரைத் திட்டாதீர்கள்.

போட்டோ பிறகு அனுப்புகிறேன். முகம் வீங்கியிருக்கிறது, நன்றாக இல்லை.

உங்கள்
சாரு


உ
தேவகோட்டை
28 ஜூன் 2024

உலகப்பனுக்கு,

வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டேன். அங்கே எல்லோரும் நலம் என்று நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் மகள் எழுதியதைப் பக்கத்தில் வைத்து மூன்றாம் முறை படித்தேன்.

நீ நாலு நாள் என்கிறாய், அவள் எட்டு நாள் என்கிறாள். நீ தொண்டையில் கிருமி என்கிறாய், அவள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்கிறாள். கிருமிக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்? தொண்டை வீக்கத்துக்கு எந்த நாட்டுக் குடிநுழைவுத் துறை தங்க அனுமதி நீட்டிக்கும்? அவள் புறப்படும்போது பயணப் பாலிசி நானே எடுத்துக் கொடுத்தேன். எட்டு நாள் படுக்கை என்றால் நீ ஏன் க்ளெய்ம் போடவில்லை? பாலிசிக்குள் அடங்காத எதையோ செய்து அடிபட்டவர்கள்தான் வாயைத் திறக்க மாட்டார்கள். இது எனக்குப் பாலபாடம்.

"அவரைத் திட்டாதீர்கள்" என்று எழுதுகிறாளே. நான் உன்னைத் திட்டும்படி என்ன நடந்தது?

ஜூலையில் அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கிற குரல் வேண்டும். முதல்வரிடம் இரண்டு மாதம் தவணை வாங்கியிருக்கிறேன். அதற்குள் அவள் பேசுவாளா? இதற்காவது நேராகப் பதில் எழுது.

ஆச்சி


கூலாய்
9 ஜூலை 2024

அன்புள்ள ஆச்சி,

நலம். நீங்கள் கைத்தடிக்கு வந்தது மகிழ்ச்சி.

நாள் கணக்கில் நான் தவறாக எழுதிவிட்டேன். மற்றதெல்லாம் அவள் தேறியதும் அவளே சொல்வாள். இருபத்தோராம் தேதி ஞாயிறு வீடியோவில் வருவாள். பேச மாட்டாள், ஆனால் பார்க்கலாம்.

அன்புடன்,
உலகப்பன்


உ
தேவகோட்டை
22 ஜூலை 2024

உலகப்பா,

சுகம் விசாரிக்க எனக்கு மனம் இல்லை.

நேற்று வீடியோவில் பார்த்தேன். இந்த வெயிலில் கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. கையசைத்தாள், சிரித்தாள், நோட்டில் 'இளைச்சிட்டீங்க' என்று எழுதிக் காட்டினாள். சந்திரமதி காபி கொண்டுவந்து நீட்டினாள். அதை வாங்க என் பிள்ளை திரும்பினாள், காலர் விலகியது. ஒரு கோடு. முன்கழுத்திலிருந்து காதுக்குக் கீழே வரை, கன்றிப்போய்.

அப்படிப்பட்ட கோட்டை நான் பார்த்திருக்கிறேன். என் மேசைக்கு ஃபைலோடு போட்டோக்கள் வரும். கயிறு போட்டுக்கொண்டவர்கள் கழுத்தில் அப்படித்தான் இருக்கும்.

என் பிள்ளை செத்துப்போக நினைத்தாளா? யாராவது பையனா? இல்லை, அங்கே போயும் அதைப் போடு இதைப் போடாதே என்று நான் பிடுங்கிக்கொண்டே இருந்தேனே, அதனாலா? எதுவானாலும் நான் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்று இரவாகத் தூங்காதது போல் இருக்கிறது, ஆனால் ஒரே இரவுதான் ஆகியிருக்கிறது.

போனில் கேட்கத் தைரியம் இல்லை. இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

ஆச்சி


கூலாய்
27 ஜூலை 2024

அன்புள்ள ஆச்சி,

நேற்று உங்கள் கடிதம் வந்ததும் போன் செய்து "இல்ல ஆச்சி, சத்தியமா இல்ல" என்றேன். நீங்கள் "எழுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். எழுதுகிறேன். அவள் அப்படி எதுவும் செய்துகொள்ளவில்லை. பையனும் இல்லை, ஒன்றும் இல்லை.

விசாக விடுமுறை அன்று செடெனாக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே ஏடிவி வாடகைக்கு விடுகிறார்கள். தடித்த நாலு சக்கரம், மோட்டார் சைக்கிள் கைப்பிடி, பின் அச்சு திறந்து கிடக்கும். பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருக்கும், எடை முந்நூறு கிலோ. லைசென்ஸ் கேட்கவில்லை. மலாயில் ஒரு தாளை நீட்டினார்கள். என்ன நடந்தாலும் எங்கள் பொறுப்பல்ல என்பதுதான் அதில் இருப்பது. ஆலையில் இரண்டு வரித் தாளைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போடாதவன் நான். அன்றைக்குப் பேனாவை வாங்கிக் கிறுக்கினேன். விடுமுறை என்றால் மூளைக்கும் விடுமுறை போல. ஐந்து நிமிடம் பிரேக் எது, ஆக்ஸிலரேட்டர் எது என்று காட்டினார்கள். அவ்வளவுதான் பயிற்சி.

நான் முன்னால், சாரு பின்னால். அந்த வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. ஒரு திருப்பம் தாண்டியதும் பின்னாலிருந்த சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் போனேன்.

பாதையில் குறுக்கே கம்பி கட்டியிருந்தது ஆச்சி. கழுத்தில் பட்டுவிட்டது.

குரல்வளையில் அடி. மூச்சுக்காக மூன்று வாரம் கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள், எட்டாம் நாள் குழாயோடுதான் வீட்டுக்கு வந்தாள். இப்போது எடுத்தாகிவிட்டது. உயிருக்குப் பயமில்லை. குரல் வரும் என்கிறார் டாக்டர், பழைய குரலா என்று கேட்டால் போகப் போகப் பார்க்கலாம் என்கிறார். நீங்கள் சொன்னது சரி, பாலிசியில் இந்த வண்டிக்கு இடமில்லை.

அன்றைக்கு உங்களுக்கு அறுவை முடிந்து பன்னிரண்டாம் நாள். தெரிந்தால் அந்தக் காலோடு புறப்பட்டு வந்திருப்பீர்கள். அதனால்தான் மறைத்தேன். நாற்பது பேரை ஏணியிலிருந்து இறக்கிவிட்டவனுக்கு ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. என்னை மன்னியுங்கள்.

உலகப்பன்


உ
தேவகோட்டை
6 ஆகஸ்ட் 2024

உலகப்பனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க அழுதேன். அவள் உயிரோடு இருக்கிறாள், சாக நினைக்கவில்லை. அது போதும் என்று அழுதேன். மறுநாள் கோபம் வந்தது. உன்மேல் இருக்கிற கோபத்தை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

பாதையில் கம்பி கட்டிவிட்டு அதே பாதையில் பிள்ளைகளை வண்டி ஓட்ட விடுகிறவன் மனிதனா? அவன் பெயர் ரூபேந்திரன் என்று சந்திரமதியிடம் போனில் வாங்கிவிட்டேன். நீ ஏன் போலீசுக்குப் போகவில்லை? அவன் நம் ஆள், தமிழன் என்று பார்த்தாயா? நாலு பக்கத்துக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் போலீசுக்கு ஒரு பிரதி, அங்கே இருக்கும் நம் தூதரகத்துக்கு ஒரு பிரதி. அந்த இடத்தை இழுத்து மூடி அவனை உள்ளே வைக்காமல் விட மாட்டேன். எப்படி எழுதினால் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

கம்பியின் கனம், கட்டியிருந்த உயரம், எந்த மரத்திலிருந்து எந்த மரம் வரை, இவ்வளவும் வேண்டும். இருபத்தைந்தாம் தேதிக்குள் எழுது. வராவிட்டாலும் அனுப்பிவிடுவேன்.

முட்டி நன்றாக இருக்கிறது. டாக்டர் பயணத்துக்குச் சரி என்றுவிட்டார்.

ஆச்சி


கூலாய்
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அம்மா,

டாக்டர் பயணத்துக்குச் சரி என்றதை அயித்தை படித்துச் சொன்னதும் கை தட்டினேன். எனக்கு நேற்று ஒரு சொல் வந்தது. 'தண்ணி.' காற்றுப் போகிற சத்தம் மாதிரிதான் இருந்தது. அம்மானுக்குக் கேட்டுவிட்டது, கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டார்.

அம்மா, புகாரை அனுப்பாதீர்கள். கம்பி எதுவும் இல்லை.

அம்மான் அதை எழுதினார் என்று உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ரூபேந்திரன் அண்ணன் முதலிலேயே சொன்னார். "தங்கச்சி, துணி கிணி எதும் தொங்கக் கூடாது மா, சக்கரத்துல மாட்டிக்கும். ஷாலைக் கழட்டி அங்க மாட்டிடு" என்று கொக்கியைக் காட்டினார். மாட்டினேன். முதல் சுற்று அப்படியே ஓட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அம்மா.

சுற்று முடிந்து கொட்டகைக்கு வந்தோம். உங்களுக்கு அன்றைய போட்டோ அனுப்பவில்லை என்று ஞாபகம் வந்தது. துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டேன், அம்மான் படம் எடுத்தார், உங்களுக்கு அனுப்பினேன். ரூபேந்திரன் அண்ணன் அப்போது இன்னொரு வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றப் போயிருந்தார். துப்பட்டாவைத் திரும்ப மாட்டக் கொக்கி வரை போனேன். மாட்டவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். அப்படியே வண்டியில் ஏறினேன். அம்மான் பார்த்துவிட்டு, "பறக்கப் போகுது, கட்டிக்க" என்றார். பின்பக்கம் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். முடிச்சு இல்லாமல் இருந்திருந்தால் நழுவியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதிலிருந்துதான் அம்மான் பேசுவதில்லை.

திருப்பத்தில் துப்பட்டா முனை பின் அச்சில் சுற்றிக்கொண்டது. பின்னால் இழுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ரூபேந்திரன் அண்ணன்தான் ஓடிவந்து பாராங் கத்தியால் துணியை அறுத்தார். அதில் அவர் விரலும் அறுபட்டது, ஐந்து தையல். கட்டுப் போட்ட கையோடு தினமும் ஆஸ்பத்திரிக்கு இளநீர் கொண்டுவந்தார், நான் குடிக்க முடியாது என்று தெரிந்தும். அவரிடமும் தப்பு இருக்கிறது. கிளம்பும்போது இரண்டாவது முறை பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவர் ஜெயிலுக்குப் போகக் கூடாது அம்மா. அவர் இல்லை என்றால் இந்தக் கடிதம் இல்லை.

கிருமி என்று சொல்லச் சொன்னது நான்தான். அம்மான் இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்கள்
சாரு


உ
தேவகோட்டை
26 ஆகஸ்ட் 2024

என் தங்கமே சாரு,

நீ நலமாக வேண்டும். எனக்கு இப்போது அதைத் தவிர வேறு விசாரிப்பு இல்லை. புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ரூபேந்திரன் விரல் ஆறியதா என்று கேட்டு எழுது.

ஏன் என்று கேட்காதீர்கள் என்று எழுதியிருந்தாய். கேட்கவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். மே இருபத்திரண்டு, பகல் ஒன்று நாற்பதுக்கு உன் படம். மஞ்சள் துப்பட்டா. அதற்குக் கீழே ஒன்று நாற்பத்தொன்றுக்கு என் பதில்: 'இப்பத்தான் லட்சணமா இருக்கே. இப்படியே இரு.'

அதை எழுதியதே எனக்கு நினைவில்லை. கட்டிலில் பொழுது போகாமல் படுத்துக்கிடந்தேன். நீ கொக்கிக்குப் பக்கத்தில் நின்று அதைப் படித்திருக்கிறாய். சொன்னால் கேட்கிற பிள்ளை என்று உன் அம்மானுக்குப் பெருமையாக வேறு எழுதினேன்.

மூன்று மாதமாக எல்லோரையும் சந்தேகப்பட்டேன். உன் அம்மானை, சந்திரமதியை, முகம் தெரியாத ஒரு பையனை, உன்னை. அந்தக் கம்பியை மட்டும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பினேன். முன்னால் மோதுகிற கம்பி காதுக்குக் கீழே வரை எப்படிக் கோடு போடும் என்று யோசித்திருக்க வேண்டியவள் நான். யோசிக்கவில்லை. பழி போட ஒருவன் கிடைத்துவிட்டானே.

க்ளெய்ம் படிவத்தில் 'விபத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட்டு வந்த ஒரு படிவத்தையும் நான் வாங்கியதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவர்களைக்கூட, போய் நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் எனக்காக அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தீர்கள். நான்தான் விடவில்லை. இப்போது நானே நிரப்பிவிட்டேன். அதற்காக நீ வருத்தப்படாதே. தெரிந்துகொண்டது நல்லதுதான், வலித்தாலும்.

உலகப்பனிடம் சொல்: "கட்டிக்க" என்று அவன் சொன்னது நான் சொன்னதற்குப் பிறகுதான். அவன் கொல்லைப்புறத்தில் நின்றது போதும். நான் வந்து அவனைத் திட்டுவேன், ஆனால் அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு மட்டும்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி புறப்படுகிறேன். சிங்கப்பூர் வரை விமானம், அங்கிருந்து அவன் காரில் அழைத்துவரட்டும். பள்ளிக்கூடத்தை விடு. குரல் எப்படி வருகிறதோ அப்படி வரட்டும். காற்றுச் சத்தமாக வந்தாலும் எனக்குப் புரியும்.

நாளைக்கு ஒரு படம் அனுப்பு. உனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள், கழுத்துத் தெரியட்டும். நான் பதில் ஒன்றும் எழுத மாட்டேன். பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன்.

அம்மா